விஸ்பி உட்ஸ்: கிர்பி தொடரின் ஆப்பிள் மரம் பற்றி ஒரு விமர்சனம்

பிளாட்ஃபார்ம் வகை வீடியோ கேம்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் பாஸ்கள், அதாவது கட்டத்தின் முடிவில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரிகள், யார் என்று கேட்டால், மாரியோ தொடரின் பவுசரையும் சோனிக் தொடரின் டாக்டர் எக்மேனையும்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அவர்கள் கதையின் கடைசிக் கட்டத்தில் காத்திருப்பவர்கள். அவர்களை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்துவிடும். கிர்பி என்னும் உருண்டையான சிறு நாயகனின் தொடரில் வரும் விஸ்பி உட்ஸுக்கு அப்படிப்பட்ட இடம் எதுவும் இல்லை. அது ஓர் ஆப்பிள் மரம். பெரும்பாலான கிர்பி விளையாட்டுகளில் முதல் உலகத்தின் முடிவில் வேரூன்றி நின்றுகொண்டிருக்கும். சில நிமிடங்களில் தோற்றும் போய்விடும். இருந்தும், 1992இல் கேம் பாய் கருவியில் தொடங்கி நின்டெண்டோ ஸ்விட்ச் வரை இந்த மரம் எந்தெந்த வடிவங்களில் வந்திருக்கிறது என்று வரிசையாக விளையாடிப் பார்த்த பிறகு, ஒரு விளையாட்டை எப்படி விளையாட வேண்டும் என்று ஆட்டக்காரருக்குக் கற்றுக்கொடுப்பதில் இதற்கு இணையான பாஸ் பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளில் வேறெதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த விமர்சனம் அந்த முடிவுக்கான காரணங்களையும், எந்தப் பதிப்பில் இந்த மரம் சோபித்தது, எதில் சறுக்கியது என்பதையும் சொல்கிறது.

முதலில் 1992ஆம் ஆண்டின் கிர்பிஸ் டிரீம் லேண்ட். ஹால் லேபரட்டரி நிறுவனத்தில் அப்போது இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த இளைஞரான மசாஹிரோ சகுராய் வடிவமைத்த விளையாட்டு இது. வீடியோ கேமே ஆடிப் பழகாதவரும் முடித்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மொத்தம் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தின் பெயர் கிரீன் கிரீன்ஸ். அதன் முடிவில் திரையின் வலப்பக்கம் ஒரு பெரிய அடிமரம் தெரிகிறது. அதில் இரண்டு கண்கள், நீண்ட ஒரு மூக்கு, வட்டமான ஒரு வாய். கிளைகளிலிருந்து ஆப்பிள்கள் உதிர்கின்றன. வாயிலிருந்து காற்றுக் குண்டுகள் பறந்து வருகின்றன. இவ்வளவுதான் சண்டை.

ஆனால் இந்த எளிமைக்குள் இருக்கும் கணக்கு நுட்பமானது. இந்த முதல் விளையாட்டில் கிர்பிக்குப் பிற்காலத்தில் பெயர் வாங்கித் தந்த காப்பி திறன் கிடையாது. எதிரியை விழுங்கி அவனுடைய ஆற்றலைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. கிர்பியின் கையிருப்பு எல்லாம், அருகில் இருப்பதை வாயால் உறிஞ்சி, நட்சத்திரமாக மாற்றித் துப்புவது ஒன்றே. அப்படியானால் எதிரே நிற்பவரை அடிக்க ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளை மரமே தலைமேல் கொட்டுகிறது. உதிரும் ஆப்பிள் கிர்பியின் மேல் விழுந்தால் அடி. அதையே உறிஞ்சிக்கொண்டால் ஆயுதம். விஸ்பி தன்னைத் தாக்குவதற்கான தோட்டாக்களைத் தானே விநியோகிக்கிறது. எதிரியின் தாக்குதலே உன் ஆயுதம் என்ற இந்த ஒரு பாடத்தின் மேல்தான் கிர்பி தொடர் முழுவதும் நிற்கிறது. அந்தப் பாடத்தை எழுத்தில் விளக்காமல், தப்பி ஓடவும் தெரியாத ஒரு மரத்தை நிறுத்திச் செய்துகாட்ட வைத்ததில்தான் சகுராயின் வடிவமைப்புத் திறமை தெரிகிறது. அதே கட்டத்தின் நடுவில் வரும் பாப்பி பிரதர்ஸ் சீனியர் என்னும் சிறு பாஸ் வீசும் குண்டுகளையும் இப்படியே உறிஞ்சித் திருப்பி அடிக்கலாம் என்பதால், மரத்தின் முன் வந்து நிற்கும்போது ஆட்டக்காரருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே கைவந்திருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வாயில் ஆப்பிளை வைத்திருக்கும்போது கிர்பியால் பறக்க முடியாது. மற்ற நேரங்களில் காற்றை இழுத்துப் பலூனைப் போல் உப்பி, எந்த ஆபத்திலிருந்தும் மேலே மிதந்து தப்பிவிடலாம். இந்த விளையாட்டில் தொடக்க ஆட்டக்காரர்களைக் காப்பாற்றும் கவசமே அதுதான். ஆப்பிளை எடுத்த மறுகணம் அந்தக் கவசம் போய்விடுகிறது. தரையில் நின்று, சரியான நேரத்தில் குதித்து, காற்றுக் குண்டுகளைத் தாண்டி, மரத்தின் முகத்துக்கு நேராக வந்து துப்ப வேண்டும். அடிக்க வேண்டுமானால் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இந்தப் பேரம் மிகச் சிறிய அளவில்தான் இருக்கிறது. ஒரு குழந்தைகூட அதைச் சமாளித்துவிடும். ஆயினும் அது இருப்பதால்தான் இந்தச் சண்டை வெறும் சுடும் பயிற்சியாகத் தாழ்ந்துவிடவில்லை.

என் அக்கா மகன் ஆறு வயதில் இந்தச் சண்டையை முதன்முறையாக ஆடியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிர்பிக்குப் பசிக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஒவ்வோர் ஆப்பிளையும் அவன் விழுங்கவைத்தான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றுக் குண்டுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. சற்று நேரத்தில் பொத்தானை மாற்றி அழுத்தி, ஆப்பிள் நட்சத்திரமாகப் பறந்து மரத்தின் முகத்தில் மோதியதைக் கண்டவன், "மாமா, அதோட பழத்தாலேயே அதை அடிச்சிட்டேன்!" என்று துள்ளினான். நான் ஒரு வார்த்தையும் சொல்லித்தரவில்லை.

இந்தச் சண்டைக்கு இன்னொரு பண்பு உண்டு: தோற்ற மரம் அழுகிறது. வெடித்துச் சிதறுவதில்லை, சாம்பலாவதில்லை. கண்களில் நீர் வழிய நின்ற இடத்திலேயே நிற்கிறது. தொடர் முழுவதும் இது மாறாத வழக்கம் என்றே சொல்லலாம். கொல்லாமல் வெல்வது என்னும் கிர்பி தொடரின் குணம் இந்த ஒரு முகபாவத்தில் தெரிகிறது. வென்ற மகிழ்ச்சியோடு கொஞ்சம் இரக்கத்தையும் ஆட்டக்காரரின் மனத்தில் ஏற்படுத்தும் பாஸ்கள் இந்த வகை விளையாட்டுகளில் அரிது.

அடுத்த ஆண்டு, 1993இல், நின்டெண்டோவின் வீட்டுக் கருவியான ஃபாமிகாமுக்கு வந்த கிர்பிஸ் அட்வென்ச்சரில் காப்பி திறன் அறிமுகமானது. வாளையோ நெருப்பையோ கையில் வைத்துக்கொண்டு மரத்தின் முன் வரும் கிர்பிக்கு ஆப்பிள் எதற்கு? இங்கேதான் பழைய வடிவமைப்பின் பலம் தெரிகிறது. அடிபட்டால் கிர்பியின் திறன் நட்சத்திரமாகத் தெறித்துப் போய்விடும். அதைத் துரத்திப் பிடிக்கத் தவறினால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அந்த நிலையில் மரம் கொட்டும் ஆப்பிள்கள் கைகொடுக்கின்றன. ஆப்பிளை விழுங்கினால் எந்தத் திறனும் கிடைக்காது, ஆனால் துப்பலாம். எல்லாவற்றையும் இழந்து நிற்பவரும் இந்தச் சண்டையை வெல்ல வழி இருக்கிறது. கடினமான விளையாட்டுகள் தோற்பவரைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே தள்ளிய காலத்தில், தோற்றுக்கொண்டிருப்பவரின் கையில் ஆயுதத்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே இருந்த பாஸ் இது. 2002இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு நைட்மேர் இன் டிரீம் லேண்ட் என்ற பெயரில் இந்த விளையாட்டு மறுஆக்கம் பெற்றபோதும் மரம் அதே இடத்தில், அதே வேலையைச் செய்தது.

1995இன் டிரீம் லேண்ட் 2இல் வரும் விஸ்பியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1996இன் சூப்பர் ஸ்டாரில் இரண்டு மரங்கள் திரையின் இரு பக்கமும் நின்று தாக்கும் ட்வின் உட்ஸ் வருகிறது. முதுகைக் காட்ட ஓர் இடம் இல்லாமல் போவதால் நல்ல பரபரப்பு உண்டு. ஆனால் அடிப்படையில் ஒன்றை இரண்டாக்கியதுதான்.

தொடரின் ஆகச் சிறந்த விஸ்பி என்று நான் கருதுவது 1997இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த டிரீம் லேண்ட் 3இல் இருப்பதையே. சகுராய் அல்லாமல் ஷினிச்சி ஷிமோமுரா இயக்கிய விளையாட்டு இது. வண்ணப் பென்சிலால் தீட்டியது போன்ற மென்மையான ஓவியப் பாணி. முதல் உலகத்தின் முடிவில் வழக்கம்போல மரம் நிற்கிறது, ஆப்பிள்கள் உதிர்கின்றன, காற்று வீசுகிறது. முந்தைய விளையாட்டுகளை ஆடியவர் பழக்கத்தின் பேரில் அடித்துக்கொண்டே போவார். அடி வாங்கிய மரம், ஆட்டம் முடிந்தது என்று எண்ணும் வேளையில், தன் வேர்களை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்து நடக்கத் தொடங்குகிறது. ஐந்தாண்டுகளாக இருந்த இடத்தைவிட்டு அசையாத ஒரு மரம் கிர்பியைத் துரத்துகிறது. பின்வாங்கிக்கொண்டே அதைத் தாக்க வேண்டும். நிற்பதற்கு நிலையான இடம் கிடையாது.

இந்தத் திருப்பம் ஏன் இவ்வளவு பலமாக விழுகிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தொடர்களில் திரும்பி வரும் பாஸ்களை வலுவாக்குவதற்கு வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் செய்வது, உருவத்தைப் பெரிதாக்குவது, உயிரளவை அதிகரிப்பது, தாக்குதல்களைக் கூட்டுவது. ஷிமோமுராவின் குழு அந்த வழியில் போகவில்லை. முந்தைய விளையாட்டுகள் ஆட்டக்காரரின் மனத்தில் ஒரு விதியை எழுதிவைத்திருந்தன: விஸ்பி அசையாது. அந்த ஒரு விதியை மட்டும் அவர்கள் உடைத்தார்கள். ஐந்தாண்டு காலப் பொறுமையின் பலன் அது. முதல் விளையாட்டிலேயே மரம் நடந்திருந்தால் இது சாதாரணமான ஒரு பாஸாகப் போயிருக்கும். திரும்பி வரும் பாஸ் என்ற ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டென்றால், அது ஆட்டக்காரரின் நினைவையே சண்டையின் ஒரு பகுதியாக்க முடியும் என்பதுதான். அதை இவ்வளவு சிக்கனமாகச் சாதித்த இன்னொரு பாஸ் சண்டையை நான் ஆடியதில்லை.

இதே குழு 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய கிர்பி 64இல் மரத்தைச் சுற்றிக் குட்டி மரங்கள் நிற்கின்றன. அவற்றை வீழ்த்தியதும் பெரிய மரம் கோபம் கொண்டு வேர்களால் தாக்குகிறது. குழந்தைகளை அடித்தால் பெற்றவர் சும்மா இருப்பாரா என்ற உணர்வை ஒரு வசனமும் இல்லாமல் கொண்டுவந்த விதம் அருமை. ஆனால் இந்த விளையாட்டில் கிர்பியின் அசைவே சற்று மந்தமானது என்பதால், சண்டையின் வேகம் அதன் உணர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை.

2008இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த சூப்பர் ஸ்டார் அல்ட்ராவின் ரிவெஞ்ச் ஆஃப் தி கிங் பகுதியில் விஸ்பிஸ் ரிவெஞ்ச் என்ற கடினமான வடிவம் உண்டு. நச்சு ஆப்பிள்களைக் கொட்டும் மரம் அது. தலைமேல் விழுவது எதுவானாலும் உறிஞ்சிக்கொள்ளலாம் என்று கற்றுக்கொடுத்த மரமே, இப்போது எதை எடுப்பது எதை விடுவது என்று பார்த்து நடக்கச் சொல்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் இதை அவசியம் ஆடிப்பார்க்க வேண்டும்.

அதன் பிறகு வந்த பத்தாண்டுகளில், ஒவ்வொரு விளையாட்டின் புதிய கருத்தையும் முதன்முதலில் அணிந்து காட்டும் பொறுப்பு இந்த மரத்திடம் போனது. 2014இன் டிரிப்பிள் டீலக்ஸ், 3டிஎஸ் கருவியின் முப்பரிமாணத் திரைக்காக முன்தளம், பின்தளம் என்று இரண்டு அடுக்குகளில் கட்டப்பட்ட விளையாட்டு; அங்கே மரம் தலையில் பூவைச் சூடிக்கொண்டு ஃப்ளவரி உட்ஸ் ஆகிறது. 2016இன் பிளானட் ரோபோபாட்டில் ஹால்ட்மன் வர்க்ஸ் கம்பெனி என்னும் நிறுவனம் கிர்பியின் கோளையே இயந்திரமயமாக்குகிறது. அந்தக் கொடுமையின் அளவை ஆட்டக்காரருக்கு உணர்த்தும் முதல் பாஸ், உலோகமாக மாற்றப்பட்ட கிளாங்கி உட்ஸ். ஆண்டாண்டுகளாகப் பச்சைப்பசேலென்று நின்ற மரத்தை இரும்பாகப் பார்க்கும்போது ஏற்படும் வருத்தம், எந்த அறிமுகக் காணொளியைவிடவும் கதையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கதை சொல்லும் கருவியாக விஸ்பி மிகச் சிறப்பாகப் பயன்பட்ட இடம் இதுவே என்பேன்.

2022இன் ஃபர்காட்டன் லேண்ட், பாஸ்களோடு முழுமையான முப்பரிமாண வெளியில் மோதவிட்ட கிர்பி விளையாட்டு. இங்கே எவர்பே கோஸ்ட் என்னும் கடற்கரைப் பகுதியில் தென்னையின் உருவில் டிராபிக் உட்ஸ் நிற்கிறது. ஆப்பிளுக்குப் பதில் தேங்காய் விழுகிறது. மரம் அசையாமல் நடுவே நிற்க, கிர்பி அதைச் சுற்றி ஓடும் சுதந்திரம் கிடைப்பதால், பழைய பக்கவாட்டுச் சண்டை புதிய வெளியில் சிரமமின்றிப் பொருந்திக்கொண்டது. முப்பரிமாணத்துக்கு மாறிய பல தொடர்களில் பழைய பாஸ்கள் தடுமாறியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறை சொல்ல வேண்டிய இடம் 2018இன் ஸ்டார் அலைஸ். எதிரிகளை நண்பர்களாக்கிக்கொண்டு நான்கு பேராகச் செல்வதே அந்த விளையாட்டின் மையம். முதல் பாஸாக விஸ்பி வரும்போது நால்வரும் சேர்ந்து பாய்ந்தால், மரம் தன் தாக்குதல்களை முழுவதும் காட்டுவதற்குள் அழத் தொடங்கிவிடுகிறது. ஆப்பிளைத் தேடி எடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. விஸ்பியிடமிருந்து அந்தத் தேவையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நின்று அடிவாங்கும் ஒரு கட்டை மட்டுமே. நான்கு பேர் விளையாடும் வசதி 2011இல் வீ கருவிக்கு வந்த ரிட்டர்ன் டு டிரீம் லேண்டிலும் உண்டு. ஆனால் அங்கே கூட இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் மனிதர்கள் என்பதால், இடித்துக்கொண்டும் கூச்சலிட்டுக்கொண்டும் ஆடும் கலகலப்பாவது மிஞ்சும். ஸ்டார் அலைஸில் தனியாக ஆடுபவருக்குக் கணினியே மூன்று துணைவர்களை இயக்கித் தருகிறது; ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் சண்டை முன்னேறுகிறது. கற்பிக்கும் பாஸ் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது.

பொதுவான இன்னொரு குறையும் நியாயமானதே. தொடரை நெடுங்காலமாக ஆடுபவருக்கு, பல விளையாட்டுகளின் முதல் உலகங்கள் ஒரே சாயலில் தெரிவதற்கு இந்த மரமும் ஒரு காரணம். பசுமையான புல்வெளி, முடிவில் விஸ்பி என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 2004இன் அமேசிங் மிரர் போன்று இந்த மரத்தைப் பாஸாக வைக்காமல் வந்த விளையாட்டுகளும் இருக்கின்றன. அந்த இடைவெளிகள் தேவையானவை என்பதே என் கருத்து. மரம் இல்லாத விளையாட்டுக்குப் பிறகு மரம் திரும்ப வரும்போதுதான் அதன் மதிப்பு கூடுகிறது.

பாஸ் என்ற வேலையைத் தாண்டியும் இந்த மரத்துக்கு ஒரு வாழ்வு உண்டு. பல நின்டெண்டோ விளையாட்டுகளின் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும், சகுராயே இயக்கிய சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரின் 1999ஆம் ஆண்டு முதல் விளையாட்டில், டிரீம் லேண்ட் மேடையின் பின்னணியில் விஸ்பி நின்றுகொண்டு காற்றை ஊதிப் போட்டியாளர்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதன் அடுத்த விளையாட்டான ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயிலும் இந்த மேடை திரும்ப இடம்பெற்றது. மேடைக் குறுக்கீடுகளை விரும்பாத மெலீ போட்டி ஆட்டக்காரர்களும் இதைத் தங்கள் போட்டிகளில் நெடுங்காலமாக அனுமதித்துவருகிறார்கள். காற்று உயிரை எடுப்பதில்லை, இடத்தை மட்டும் மாற்றுகிறது. அதைக் கணக்கில் வைத்து ஆடுவதும் ஒரு திறமையாகிவிட்டது.

இவற்றை இப்போது எங்கே விளையாடலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவே போதுமானது. அதில் உள்ள பழைய விளையாட்டுகளின் தொகுப்புகளில் முதல் டிரீம் லேண்ட், அட்வென்ச்சர், சூப்பர் ஸ்டார், டிரீம் லேண்ட் 3 ஆகியவை கிடைக்கின்றன; கிர்பி 64க்கு மட்டும் எக்ஸ்பான்ஷன் பேக் என்னும் கூடுதல் கட்டணச் சந்தா வேண்டும். ரிட்டர்ன் டு டிரீம் லேண்டின் டீலக்ஸ் பதிப்பு 2023இல் ஸ்விட்சுக்குத் தனி விளையாட்டாக வந்தது. டிரிப்பிள் டீலக்ஸும் பிளானட் ரோபோபாட்டும் 3டிஎஸ் கருவியிலேயே தங்கிவிட்டன. அந்தக் கருவியின் இணையக் கடை 2023 மார்ச்சில் புதிய விற்பனையை நிறுத்திவிட்டதால், கார்ட்ரிட்ஜாகக் கிடைத்தால் மட்டுமே கிளாங்கி உட்ஸை முறையாகச் சந்திக்க முடியும். தொடரின் மிக நல்ல விளையாட்டுகளில் ஒன்று இப்படிப் பழைய கருவியோடு பூட்டப்பட்டுக் கிடப்பது வருத்தத்துக்குரியது. ஸ்விட்சில் மறுபதிப்பு செய்ய வேண்டிய கிர்பி விளையாட்டு எது என்று என்னைக் கேட்டால் ரோபோபாட்டைத்தான் சொல்வேன்.

சிறுவர்களுக்குக் கேம் பாய் பதிப்பிலிருந்து தொடங்குவதே சரி. இன்றைய கண்களுக்கு அதன் சிறிய, நிறமற்ற திரை பழையதாகத் தெரியலாம். ஆனால் மரம், பழம், காற்று என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் கவனத்தைச் சிதறடிக்காத சண்டை அது. அட்வென்ச்சரை அடுத்து ஆடிவிட்டு டிரீம் லேண்ட் 3க்குப் போக வேண்டும்; இந்த வரிசையை மாற்றினால் மரம் எழுந்து நடக்கும் கணத்தின் அதிர்ச்சி பாதியாகிவிடும், ஆகவே பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடாமல் இருப்பது நல்லது. அனுபவம் உள்ளவர்களுக்கு முதல் டிரீம் லேண்டிலேயே எக்ஸ்ட்ரா கேம் என்ற கடினமான முறை இருக்கிறது. தலைப்புத் திரையில் மேல் பொத்தானையும் ஏ, செலக்ட் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். அதே கிரீன் கிரீன்ஸ், அதே மரம். ஆனால் நின்று நிதானிக்கும் நேரம் குறைவு, ஆப்பிளை எடுப்பதா, தற்காத்துக்கொள்வதா என்று நொடிக்கு நொடி முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.